செல்போன் விளையாட்டும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(அறக்கட்டளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

கல்வி உதவி, மருத்துவ உதவி, குமர் காரியம் ஆகியவற்றுக்காகத்தான் நம் அறக்கட்டளை வழக்கமாகக் கூட்டம் போடும். இன்று செல்போன் விளையாட்டைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். "இதெல்லாம் அறக்கட்டளை பார்க்கிற வேலையா?" என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். நம் வேலைதான். கல்வி உதவி கேட்டு வரும் மனுக்களை விசாரிக்க வீட்டுக்குப் போகிறோம். கட்டணத்துக்கென்று சேர்த்து வைத்த பணம் பேங்கில் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொல்லும் தாய்மாரைப் பார்க்கிறோம். பணம் களவு போகவில்லை, யாருக்கும் கைமாற்றுக் கொடுக்கவில்லை. மகன் கொஞ்சம் கொஞ்சமாக விளையாட்டில் போட்டிருக்கிறான். சபுரில் இருக்கும் வாப்பாவுக்கு விஷயம் இன்னும் தெரியாது. இப்படி ஒரு வீடு இருந்தால் அதை அந்த வீட்டின் கஷ்டம் என்று விடலாம். ஒன்றுக்கு மேற்பட்ட தெருக்களில் இதே கதையைக் கேட்கும்போது ஊராகக் கூடிப் பேசத்தான் வேண்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். விளையாட்டே கூடாது என்று சொல்ல இந்தக் கூட்டத்தைக் கூட்டவில்லை. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி நம் எல்லோருக்கும் தெரியும். விளையாட்டு பிள்ளைகளுக்குத் தேவை. இந்த விளையாட்டு எப்படிப்பட்டது, பிள்ளையை எது பிடித்து வைக்கிறது, நாம் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

பிள்ளைகளை இழுப்பது எது?

நாம் கேள்விப்படும் பெயர்கள் ஃப்ரீ ஃபயர், பப்ஜி, பிஜிஎம்ஐ. ஆட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும். துப்பாக்கி, மருந்து, வண்டி தேடிக்கொள்ள வேண்டும். பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசிவரை உயிரோடு நிற்பவருக்கு வெற்றி. ஃப்ரீ ஃபயரில் ஒரு ஆட்டத்தில் 50 பேர் வரை இறங்குவார்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிஜிஎம்ஐயில் 100 பேர் வரை இருப்பார்கள், கடைசிவரை நின்றால் அரை மணி நேரம் ஆகும்.

இதில் பெரும்பாலும் நான்கு பேர் ஓர் அணி. காதில் மைக் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே ஆடுவார்கள். ஒருவன் அடுத்த தெரு, ஒருவன் வெளியூர், ஒருவன் யாரென்றே தெரியாதவன். அடுப்படியிலிருந்து உம்மா கூப்பிடுகிறார், "அஞ்சு நிமிஷம்" என்று பதில் வருகிறது, அரை மணி நேரம் ஆகியும் பிள்ளை எழவில்லை. சொல் கேட்காத பிள்ளை என்று நமக்குக் கோபம் வருகிறது. அவன் பக்கத்தில் நடப்பது வேறு. பாதியில் எழுந்தால் கூட்டாளிகள் மூவரும் தோற்பார்கள், நாளைக்கு அவனைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கேரம் போர்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்தால் போர்டு அப்படியே இருக்கும். இந்த ஆட்டத்தை நிறுத்தி வைக்க முடியாது. அவனைப் பிடித்து வைப்பதில் பாதி, துப்பாக்கிச் சண்டையைவிட இந்தக் கூட்டாளித்தனம்தான்.

இன்னொரு பாதி, விளையாட்டைச் செய்தவர்கள் யோசித்து வைத்தது. தினமும் உள்ளே வந்தால் ஒரு பரிசு. தொடர்ந்து ஏழு நாள் வந்தால் பெரிய பரிசு, ஒரு நாள் விட்டால் அது போய்விடும். பாடுபட்டு ஏறிய தரவரிசை, சீசன் முடிந்ததும் கீழே இறக்கப்படும், மறுபடி ஏற வேண்டும். இந்த உடை இரண்டே நாளுக்குத்தான் கிடைக்கும் என்று கடிகாரம் ஓடும். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை வருடம் முழுதும் படித்தாலும் பாராட்டு எப்போதாவதுதான் வருகிறது. இங்கே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து, நட்சத்திரம் கொடுத்து, பெயரைப் போடுகிறார்கள். படிப்பில் பின்தங்கி, வீட்டிலும் திட்டு வாங்கும் பிள்ளைக்கு "நீ கெட்டிக்காரன்" என்று சொல்லும் ஒரே இடமாக இது ஆகிவிடுகிறது. இதை நாம் யோசிக்க வேண்டும்.

இலவசம் என்ற பெயரில் வரும் செலவு

இந்த விளையாட்டுகளை இறக்கிக்கொள்ள ஒரு பைசா வேண்டாம். கடைக்காரர் சரக்கைச் சும்மா கொடுக்கிறார் என்றால், காசு வேறெங்கோ வருகிறது என்று வியாபாரச் சமுதாயமான நமக்குத் தெரிய வேண்டும். உடை, துப்பாக்கிக்கு நிறம், ஆடும் ஆட்டம் என்று உள்ளே இருப்பதெல்லாம் விலைக்குத்தான். விலை ரூபாயில் இருக்காது. ஃப்ரீ ஃபயரில் அதன் பெயர் டைமண்ட், பிஜிஎம்ஐயில் யுசி, ரோப்ளாக்ஸில் ரோபக்ஸ். ரூபாயை மாற்றி டைமண்ட் ஆக்கிவிட்டால் பிள்ளைக்கு அது காசாகத் தெரியாது. வேண்டிய அளவுக்குச் சரியாக வாங்கவும் முடியாது. கட்டுக் கட்டாகத்தான் வாங்க வேண்டும். மிச்சம் கொஞ்சம் நிற்கும், அதைச் செலவழிக்க இன்னும் கொஞ்சம் வாங்கத் தோன்றும்.

இதைவிட ஆபத்தானது அதிர்ஷ்டப் பெட்டி. காசு போட்டுச் சுழற்ற வேண்டும், என்ன வரும் என்று தெரியாது. பத்து முறை உதவாத பொருள் வரும், பதினோராவது முறை ஆசைப்பட்டது வரலாம், வராமலும் போகலாம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் பழக்கத்தை மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் பல்லாண்டுகளுக்கு முன்பே சோதனை செய்து காட்டினார். சூதாட்ட இயந்திரமும் இந்த முறையில்தான் ஓடுகிறது. காசு கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018இல் அறிவித்தது. நம் நாட்டில் அப்படி ஓர் அறிவிப்பு இல்லை. சுழற்றிப் பார்க்கும் பிள்ளை மைசிரின் வாசற்படியில் நின்று பழகுகிறான் என்ற அளவிலாவது நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பிள்ளைகளை ஏமாற்றிக் காசு பிடுங்குவதாகச் சொல்வது நம் கற்பனை இல்லை. ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022 டிசம்பரில் அமெரிக்க அரசின் வணிக ஆணையத்திடம் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 24.5 கோடி டாலர், பொத்தான்களைக் குழப்பமாக வைத்தும் பெற்றோர் சம்மதம் இல்லாமலும் வாங்க வைத்ததற்காக வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை. மீதி, பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோருக்குத் தெரியாமல் சேகரித்ததற்காகக் கட்டிய அபராதம்.

காசு வீட்டை விட்டு எப்படிப் போகிறது என்று பாருங்கள். வாப்பா துபாயிலோ சவூதியிலோ இருக்கிறார். உம்மாவின் கணக்குக்குப் பணம் அனுப்புகிறார். உம்மாவின் செல்போனில் யுபிஐ இருக்கிறது. மளிகைக் கடைக்கும் கரண்ட் பில்லுக்கும் கட்டித் தருவது மகன்தான், பின் நம்பர் அவனுக்கு மனப்பாடம். பேங்கிலிருந்து வரும் மெசேஜ் இங்கிலீஷில் இருக்கிறது, அதையும் அவன்தான் படித்துச் சொல்ல வேண்டும். வேண்டாத மெசேஜை அழிப்பதும் அவன்தான். பூட்டு, சாவி, கணக்குப் புத்தகம் மூன்றும் ஒரே பிள்ளையின் கையில். ஒரே நாளில் பத்தாயிரம் போனால் எவருக்கும் தெரியும். வாரத்துக்கு 100 ரூபாய் போனால் தெரியாது. வருடத்துக்கு அது 5,200 ரூபாய்.

நேரத்துக்கும் கணக்கு உண்டு. தினம் மூன்று மணி நேரம் ஆடினால் வருடத்துக்கு 1,095 மணி நேரம். அந்த நேரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தூக்கத்திலிருந்து. இரவு ஒரு மணிக்குப் படுப்பவன் சுபுஹுக்கு எழ மாட்டான். பள்ளிக்கூடத்தில் கண் சொருகும், பாடம் ஏறாது, மார்க் குறையும், வீட்டில் ஏச்சு விழும். அந்த வருத்தத்தை மறக்க மறுபடி செல்போனையே எடுப்பான். ரமலான் இரவுகளிலும் கோடை விடுமுறையிலும் இது கூடுவதைத் தாய்மார்கள் சொல்லக் கேட்கிறோம்.

மைக்கில் பேசும் அந்நியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் இலவச டைமண்ட் தருகிறேன், இந்த லிங்கைத் தொடு, ஓடிபி சொல் என்பவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். படம் அனுப்பு என்று கேட்பவர்களும் உண்டு. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் இது பொருந்தும்.

பணம் வைத்து ஆடுவது தனி விஷயம்

இதுவரை சொன்னது வேறு, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கலாம் என்று ஆடும் ஆன்லைன் ரம்மி, போக்கர், பந்தயச் செயலிகள் வேறு. இதைப் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் ஆடினார்கள். தமிழ்நாட்டில் இதனால் தற்கொலைகள் நடந்தன. நம் சட்டமன்றம் 2022 அக்டோபரில் தடைச் சட்டம் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடையிலிருந்து எடுத்துவிட்டது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அனைத்தையும் தடுத்துச் சட்டம் இயற்றியது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்கு அதில் தண்டனை இல்லை. அதனால் சிக்கிக்கொண்டவர் போலீசுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஆனால் சட்டம் வந்துவிட்டதே என்று நாம் சும்மா இருக்க முடியாது. 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டது. மறு வருடமே பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை செய்யப்பட்டது. அதன் மேக்ஸ் பதிப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. சீனாவில் 2021 முதல் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே ஆடலாம். பிள்ளைகள் பெரியவர்களின் கணக்கில் ஆடுவதைத் தடுக்க அங்கே முகத்தைக் காட்டச் சொல்லும் சோதனை வரை போனார்கள். தென் கொரியாவில் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆடக் கூடாது என்று 2011இல் சட்டம் போட்டார்கள். பிள்ளைகள் கம்ப்யூட்டரை விட்டு செல்போனுக்கு மாறினார்கள். பத்து வருடம் கழித்து அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அரசாங்கம் வாசல்வரைதான் வரும். வீட்டுக்குள் நடப்பதை வீட்டார்தான் பார்க்க வேண்டும்.

பழக்கமா, அடிமைத்தனமா?

விளையாடும் எல்லாப் பிள்ளைகளும் அடிமையாவதில்லை. மிகச் சிறு பகுதியினர்தான் அந்த நிலைக்குப் போகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதனால் விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் ஆடிய பிள்ளையை நோயாளி என்று சொல்ல வேண்டாம். அதே நிறுவனம் விளையாட்டுக் கோளாறு என்ற ஒன்றைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அடையாளம் மூன்று. ஆட்டத்தின் நேரத்தையும் அளவையும் பிள்ளையால் கட்டுப்படுத்த முடியவில்லை. சாப்பாடு, படிப்பு, உறவு எல்லாவற்றுக்கும் முன்னால் ஆட்டம் வந்துவிடுகிறது. கெடுதல் கண்முன் தெரிந்தும் நிறுத்தாமல் கூட்டிக்கொண்டே போகிறான். இந்த மூன்றும் சேர்ந்து, வாழ்க்கையைப் பாதித்து, பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடித்தால் அதைக் கோளாறு என்கிறார்கள்.

அப்படித் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுவதில் வெட்கம் இல்லை. துஆ செய்வோம், ஓதிப் பார்ப்போம், மருத்துவரிடமும் போவோம். மஞ்சள் காமாலைக்கு மருந்து வாங்க நாம் வெட்கப்படுவதில்லையே. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு நடக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதில்லை. அரசு மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். மனம் உடைந்து, உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று பிள்ளை சொன்னால், மிரட்டுகிறான் என்று விட்டுவிடாதீர்கள். அன்றே கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலாவது, பணம். யுபிஐக்கு ஒரு சிறு கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பும் சபுர்ப் பணமும் யுபிஐ இல்லாத இன்னொரு கணக்கில் இருக்கட்டும். பின் நம்பரை இன்றைக்கே மாற்றுங்கள். மகனை வைத்து மாற்றாதீர்கள், பேங்கிலோ நம் அலுவலகத்திலோ கேளுங்கள். பிளே ஸ்டோரில் வாங்கும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். மாதம் ஒருமுறை பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்து படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பிளே ஸ்டோரில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், தாமதித்தால் கிடைப்பது கடினம். யாராவது ஏமாற்றிப் பணத்தை எடுத்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இரண்டாவது, நேரம். ஆட்டத்தின் நடுவில் பிடுங்காதீர்கள். எத்தனை ஆட்டம் என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். "மஃரிப் பாங்குக்கு முன்னால் ரெண்டு ஆட்டம், அதோடு வை" என்று சொன்னால் அவனாலும் கடைப்பிடிக்க முடியும். இஷாவுக்குப் பிறகு வீட்டில் எல்லா செல்போனும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். எல்லா செல்போனும் என்றால் பெரியவர்களுடையதும்தான். சாப்பாட்டு சஹனைச் சுற்றி உட்கார்ந்து நாம் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டு பிள்ளைக்குப் புத்தி சொன்னால் அது எடுபடாது.

மூன்றாவது, பேச்சு. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் காட்டு, இதில் யார் உன் கூட்டாளி?" என்று கேளுங்கள். யாரோடு பேசுகிறான் என்பது அப்போதே தெரிந்துவிடும். செல்போனை உடைப்பதாலும் அடிப்பதாலும் ஆட்டம் நிற்பதில்லை. கூட்டாளி வீட்டில் ஆடுவான், பொய் சொல்லக் கற்றுக்கொள்வான்.

சபுரில் இருக்கும் வாப்பாமார்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த உரை மடலில் வரும்போது நீங்களும் படிப்பீர்கள். ஊரில் இல்லையே என்ற ஏக்கத்தில் விலை கூடிய செல்போன் வாங்கி அனுப்புகிறீர்கள், அந்த மனது எங்களுக்குப் புரிகிறது. செல்போனோடு சேர்த்து உங்கள் நேரத்தையும் அனுப்புங்கள். மனைவியிடம் பேசும்போது "புள்ள படிக்கிறானா?" என்று கேட்பதோடு விடாமல், அவனிடமே வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம் பேசுங்கள். பணம் போன செய்தி காதுக்கு வந்தால் மனைவியை ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை உங்களிடம் சொல்ல மாட்டார்.

ஊராகச் செய்ய வேண்டியவை

செல்போனை வை என்று சொன்னால், வைத்துவிட்டு எங்கே போக என்று பிள்ளை கேட்பான். நாம் சிறுவர்களாக ஓடிய திடல்களில் இன்று வீடுகளும் கடைகளும் நிற்கின்றன. தெருவில் பந்து அடித்தால் நாமே சத்தம் போடுகிறோம். அதனால் மதரஸாவுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தைச் சுத்தம் செய்து, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பிள்ளைகளுக்குத் திறந்துவிட நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. வாலிபால் வலையும் பந்தும் அறக்கட்டளை வாங்கித் தரும். வாரத்தில் ஒரு நாளாவது வந்து மேற்பார்வை பார்க்க இளைஞர்கள் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு மதரஸா மாடியில் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். அதற்குப் பொறுப்பேற்க இரண்டு சகோதரிகள் முன்வர வேண்டும்.

கடைசியாக, மனுக் கொடுக்கும் தாய்மார்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை விளையாட்டில் பணத்தை விட்டுவிட்டான் என்ற காரணத்தால் எந்த மனுவும் தள்ளப்படாது. உண்மையைச் சொன்னால் உதவி நின்றுவிடும் என்று பயந்து, கந்துவட்டிக்கோ நகைக்கடன் கம்பெனிக்கோ போக வேண்டாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் தனியாகப் பேசலாம். பெண்களிடம் பேச நம் மகளிர் குழுவினர் இருப்பார்கள். சொன்ன விஷயம் அந்த அறையைத் தாண்டாது. பிள்ளையின் படிப்பு நிற்கக் கூடாது, அவ்வளவுதான் எங்கள் கணக்கு. வலை கட்டும் வேலை வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தொடங்குகிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நம் பிள்ளைகளின் நேரத்திலும் அறிவிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.